நூற்றில் ஒரு பங்கு

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நமக்கு லாரி புதியதன்று. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் திருச்செங்கோட்டிலும் லாரியை நம்பியே வாழும் குடும்பங்கள் பல. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளின் ஓசை நாமக்கல்லில் பகலெல்லாம் கேட்கும். சுமையேற்றிக்கொண்டு வடநாடு சென்ற ஓட்டுநர் மீண்டு வர வாரங்கள் பல ஆகும். அதுகாறும் பிள்ளைகளின் படிப்பும் பசியும் நோயும் தாயின் பொறுப்பிலேயே நிற்கும். அத்தகையதொரு லாரி ஓட்டுநரின் இல்லத்தில், கொங்கு நாட்டின் மற்றொரு பகுதியாகிய கோயம்புத்தூரில், 1998-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 20-ஆம் நாள் பெண்மக்கள் இருவர் இரட்டையராய்ப் பிறந்தனர். அவர்களுக்கு வித்யா, நித்யா எனப் பெயரிட்டனர். இருவருமே பின்னாளில் தடை தாண்டி ஓடும் வீராங்கனையர் ஆயினர்.

அவ்விருவருள் வித்யா, 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், சீன நாட்டு ஹாங்சோ நகரில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் தடையோட்டத்தை 55.42 நொடியில் ஓடி முடித்தார். இந்திய ஓட்டப் பந்தயங்களின் வரலாற்றை அறிந்தோர் அவ்வெண்ணைக் கண்டதும் வியப்புற்றனர். அது அவர்கள் முப்பத்தொன்பது ஆண்டுகளாக நெஞ்சில் வைத்திருந்த எண். அதன் பெருமையையும், அதனுள் மறைந்து கிடக்கும் குறையொன்றையும் ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கம்.

முதற்கண் நொடி என்னும் சொல்லை நோக்குவோம். கைவிரலை நொடிக்கும் பொழுதே நொடி. நம் இலக்கண ஆசிரியர்கள் கண்ணிமைக்கும் பொழுதையும் கைநொடிக்கும் பொழுதையும் மாத்திரை என்னும் அளவாகக் கொண்டனர். குற்றெழுத்துக்கு ஒன்று, நெட்டெழுத்துக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பகுத்துக்கொண்டே சென்று மகரக்குறுக்கத்திற்குக் கால் மாத்திரை என்றனர். காலத்தை அதனினும் நுணுக்கமாகப் பகுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு நேரவில்லை. ஒருமுறை கண்ணிமைக்கப் பத்தில் ஒரு நொடிக்கு மேற்பட்ட பொழுது ஆகின்றது. ஆதலின் அதன் காற்கூற்றினும் சிறியது நூற்றில் ஒரு நொடி. ஓட்டக்களத்தில் இன்று வெற்றி தோல்விகளைத் தீர்ப்பது இந்த நூற்றில் ஒரு பங்குதான். மனிதர் கண்ணால் காண இயலாத அதனைக் கோட்டின் நேரே பொருத்தப்பெற்ற ஒளிப்படக் கருவி கண்டு கூறுகின்றது.

இனி, தடையோட்டத்தின் இயல்பைக் காண்போம். ஓட்டக்களத்தின் ஒரு முழுச் சுற்று 400 மீட்டர். அச்சுற்றில் பத்துத் தடைகள் நிறுத்தப்பெற்றிருக்கும். புறப்படும் கோட்டிலிருந்து முதல் தடைக்கு 45 மீட்டர். ஒரு தடைக்கும் அடுத்த தடைக்கும் இடையே 35 மீட்டர். பத்தாம் தடைக்கும் முடிவுக் கோட்டுக்கும் இடையே 40 மீட்டர். மகளிர்க்குரிய தடையின் உயரம் 76.2 சென்டிமீட்டர், அஃதாவது இரண்டரை அடி. நம் ஊர்த் திண்ணைகள் சில அவ்வளவு உயரம் இருக்கும். ஒரு திண்ணையைத் தாண்டுவது அரிதன்று. முழுவேகத்தில் ஓடிக்கொண்டே, வேகம் குன்றாமல், பத்துமுறை தாண்டுவதே அரிது.

இதில் அறிவுக்கும் வேலை உண்டு. இரு தடைகளுக்கு இடைப்பட்ட தொலைவை ஓடுபவர் இத்தனை காலடியில் கடப்பது என்று முன்னரே வரையறுத்துக்கொள்ள வேண்டும். பதினைந்து அல்லது பதினேழு என ஒற்றைப்பட எண்ணிக்கை அமையின், ஒவ்வொரு தடையையும் ஒரே காலை முன்வைத்துத் தாண்டலாம். பதினாறு என இரட்டைப்பட அமையின், ஒரு தடையை இடக்காலாலும் அடுத்ததை வலக்காலாலும் தாண்ட நேரும். எனவே இருகாலும் சம வன்மையுடையவராதல் நலம். வளைவில் ஓடும்போது இடக்காலை முன்வைத்துத் தாண்டுவோர்க்கு ஓர் ஊதியம் உண்டு. வலக்காலை முன்வைத்தால் பின்தொடரும் இடக்கால் தடையின் உட்புறமாக வெளியே நீண்டு விதியை மீறிவிடக்கூடும். இடக்காலை முன்வைப்பவர்க்கு அவ்வச்சம் இல்லை. முதல் ஐந்தாறு தடைகள் வரை கணக்கு எளிதில் ஒத்துவரும். அதன் பின்னர்த் தசைகளில் அமிலத்தன்மை மிகும், தொடைகள் கனக்கும், காலடியின் நீளம் தானே சுருங்கும். பதினைந்தில் கடந்த தொலைவைக் கடக்கப் பதினாறோ பதினேழோ வேண்டும். எவ்விடத்தில் மாற்றுவது என்பதை ஓடிக்கொண்டே முடிவு செய்தல் வேண்டும். தடையின் முன் ஒருகணம் தயங்கினாலும் இழப்பு நூற்றில் ஒரு பங்கன்று, பத்தில் இரண்டு மூன்று பங்காகும். எனவேதான் ஓட்டங்களுள் இதனை மிகக் கொடியது என்பர். யானும் இக்கூற்றை மிகையென்று எண்ணேன்.

55.42 என்னும் எண் பிறந்த கதை இனி. கேரள நாட்டில், கோழிக்கோட்டை அடுத்த பய்யோளியைச் சேர்ந்தவர் பி.டி. உஷா. 1964-இல் பிறந்தவர். கண்ணூரில் மாணவியர்க்கென அமைந்த விளையாட்டுப் பள்ளியில் 1976-இல் சேர்ந்தார். ஓ.எம். நம்பியார் என்பார் அவரைக் கண்டெடுத்துப் பயிற்றினார். 1982-இல் தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டரிலும் 200 மீட்டரிலும் வெள்ளிப் பதக்கங்கள் பெற்றார். 1984-இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஒலிம்பிக் போட்டி கூடியது. மகளிர்க்கான 400 மீட்டர் தடையோட்டம் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றது அவ்வாண்டில்தான்.

ஆகஸ்ட் 8-ஆம் நாள் இறுதிப் பந்தயம். மொராக்கோ நாட்டு நவல் எல் முத்தவாக்கில் 54.61 நொடியில் முதலாவதாக வந்து, தம் நாட்டுக்கு ஒலிம்பிக்கில் முதல் தங்கத்தை ஈட்டினார். அமெரிக்க மங்கை ஜூடி பிரௌன் 55.20 நொடியில் இரண்டாவதாக வந்தார். மூன்றாவது யார்? உருமேனியா நாட்டுக் கிறிஸ்டியானா கோஜோகாருவும் உஷாவும் ஒருங்கே கோட்டைக் கடந்ததுபோல் தோன்றினர். ஒளிப்படத்தை ஆராய்ந்து தீர்ப்புக் கூறப்பட்டது. கோஜோகாரு 55.41, உஷா 55.42.

மாணவர்களே, இவ்வேறுபாட்டைத் தொலைவாக மாற்றிக் காணுங்கள். 400 மீட்டரை 55.42 நொடியில் ஓடுபவர் ஒரு நொடியில் ஏறத்தாழ 7.2 மீட்டர் செல்கிறார். ஆதலின் நூற்றில் ஒரு நொடியில் அவர் செல்வது 7 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. நும் உள்ளங்கையின் அகலம் அவ்வளவே இருக்கும். பத்துத் தடைகளுக்கும் அதனைப் பகிர்ந்தால், ஒரு தடைக்கு ஆயிரத்தில் ஒரு நொடி வரும். இதனை ஊழ் என்று கூறி விடுவாரும் உளர். எனக்கு அக்கூற்று உடன்பாடன்று. ஒலிம்பிக் ஊரில் தமக்கேற்ற உணவு கிடைக்காமையால் கஞ்சியும் ஊறுகாயும் உண்டு ஓடியதாகவும், இறுதி 35 மீட்டரில் அது தம் வலிமையைக் குறைத்ததாகவும் உஷாவே பின்னாளில் கூறியுள்ளார். ஒரு நாட்டின் சார்பாக உலக அரங்கில் ஓடச் சென்ற இருபது வயதுப் பெண்ணுக்கு வேளைக்குத் தக்க உணவில்லை என்பது ஊழின் செயலன்று. அதனைப் பொறுப்புடையோர் முன்கூட்டி எண்ணியிருத்தல் வேண்டும்.

உஷா சோர்ந்திலர். மறு ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கமும் ஒரு வெண்கலமும், 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். ஆயினும் மக்கள் மறவாது பேசியது அந்த நான்காம் இடத்தையே. 55.42 என்பது இந்திய நாட்டுச் சாதனையாக நின்றது. உஷா களத்தினின்றும் விலகிய பின்னும் நின்றது.

அச்சாதனை பிறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்துத்தான் வித்யா பிறந்தார். இரட்டையர் இருவரும் பள்ளிச் சிறுமியராய் இருக்கும்போதே ஈரோட்டில் மாணவியர்க்கான விளையாட்டு விடுதியில் சேர்க்கப்பெற்றனர். பள்ளிபாளையத்துப் பாலத்தில் நின்று காவிரியின் மறுகரையை நோக்கினால் தோன்றும் அதே ஈரோடுதான். விளையாட்டு விடுதி என்றால் என்னவென்று அறியாதாரும் நம்மிடையே இருக்கலாம். உடல் வன்மையும் விளையாட்டில் திறனும் உடைய பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, உறைவிடமும் உணவும் தந்து, அருகிலுள்ள பள்ளியில் படிக்கச் செய்து, காலையும் மாலையும் பயிற்சி அளிக்கும் இல்லம் அது. வருவாய் குறைந்த பெற்றோர்க்கு இஃது ஒரு பெருந்துணை. ஆயினும் பெண் குழந்தையைப் பிறர் பொறுப்பில் விட்டுவர எத்தனை தாய்மார் துணிவர்? அவள் ஓடக் கற்றுக்கொண்டு என்ன செய்யப் போகிறாள் என்று கேட்கும் உறவினர் இல்லாத ஊர் ஏது? இரண்டு பெண்களையும் ஒருங்கே அனுப்பிய அத்துணிவுதான் இவ்வரலாற்றின் முதல் தடையைத் தாண்டிற்று என்பது என் கருத்து.

பின்னர்ச் சென்னையில் நெஹ்பால் சிங் ராத்தோர் என்னும் பயிற்சியாளரிடம் இருவரும் பயின்றனர். நித்யா 100 மீட்டர் தடையோட்டத்தைத் தமதாக்கிக்கொண்டார். வித்யா 400 மீட்டரைத் தேர்ந்தார். தடையுள்ள ஓட்டத்திலும் தடையில்லா ஓட்டத்திலும் பயின்றார். வித்யாவுக்கு இரயில்வேயில் பணி கிடைத்தது. நம் நாட்டில் ஓட்ட வீரரும் வீராங்கனையரும் பலர் இரயில்வேயின் ஊதியத்தால்தான் பயிற்சியை விடாது தொடர்கின்றனர் என்பதை ஈண்டுக் குறிப்பிடுதல் தகும்.

2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் சண்டிகரில் ஒரு பந்தயம் நடந்தது. வித்யா அதில் ஓடி எடுத்துக்கொண்ட நேரம் 55.43 நொடி. உஷாவின் சாதனைக்கும் அதற்கும் இடைவெளி நூற்றில் ஒரு பங்கு. லாஸ் ஏஞ்சல்ஸில் உஷாவைப் பதக்கத்தினின்றும் பிரித்த அதே உள்ளங்கை அகலம், சண்டிகரில் வித்யாவை உஷாவினின்றும் பிரித்தது. புனைகதையில் இவ்வாறு எழுதினால் படிப்போர் நம்பமாட்டார். அதன் பின் மூன்று வாரம் சென்றது. வித்யாவுக்கு இருபத்தைந்து அகவை நிறைந்தது. ஹாங்சோ செல்லும் இந்திய அணியில் இரட்டையர் இருவரும் இடம்பெற்றனர்.

ஹாங்சோவில் அக்டோபர் 2-ஆம் நாள் தகுதிச் சுற்று. வித்யா 55.42 நொடியில் ஓடினார். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முப்பத்தொன்பது ஆண்டுக்காலம் ஒருவர்க்கே உரியதாயிருந்த சாதனை அன்று இருவர்க்கும் பொதுவாயிற்று. அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவராய் இருந்தவர் உஷாவே என்பதும் நினைக்கத் தக்கது.

அவ்வளவில் அன்றைய உழைப்பு முடிந்திலது. அதே நாளில் ஆடவர் இருவரும் மகளிர் இருவரும் சேர்ந்தோடும் 4×400 மீட்டர் கலப்புத் தொடரோட்டத்தின் இறுதிப் பந்தயமும் இருந்தது. முகம்மது அஜ்மல், வித்யா, இராஜேஷ் இரமேஷ், சுபா வெங்கடேசன் ஆகிய நால்வரும் 3 நிமிடம் 14.34 நொடியில் ஓடி மூன்றாவதாக வந்தனர். முன்னே வந்த இலங்கை அணியினர் தடம் மாறியமையால் நீக்கப்பெற, இந்திய அணிக்கு வெள்ளி கிடைத்தது. நால்வருள் மூவர் தமிழ்நாட்டினர். மறுநாள் தடையோட்டத்தின் இறுதிப் பந்தயம். பஹ்ரைன் நாட்டு அடேகோயா 54.45 நொடியிலும், சீன நாட்டு மோ ஜியாடி 55.01 நொடியிலும் முந்தினர். வித்யா 55.68 நொடியில் வெண்கலம் பெற்றார். அதற்கு மறுநாள், அக்டோபர் 4-இல், மகளிர் 4×400 மீட்டர் தொடரோட்டத்தில் வித்யா, ஐஸ்வர்யா மிஸ்ரா, பிராச்சி, சுபா வெங்கடேசன் ஆகியோர் 3 நிமிடம் 27.85 நொடியில் ஓடி வெள்ளி வென்றனர். மூன்று நாளில் மூன்று பதக்கம். இறுதிப் பந்தயத்தில் முந்திய நாளின் விரைவை அவர் எட்டாததற்குக் காரணம் வேறு தேட வேண்டுவதில்லை.

இனி, முன்னே சுட்டிய குறைக்கு வருவோம். ஒரு சாதனை நெடுநாள் நிலைத்தால் அதனைப் படைத்தவர்க்குப் பெருமை. அவர்க்குப்பின் வந்த தலைமுறையினர்க்கு வாய்ப்பளிக்க வேண்டிய நாட்டுக்கோ அஃது ஒரு வினா. 1984-இல் உஷா ஓடியபோது இவ்வோட்டத்தில் உலகச் சாதனை 53.58 நொடி. அவர் அதனினும் 1.84 நொடி பின்தங்கியிருந்தார். தொலைவாகக் கூறின் 13 மீட்டர். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 8-ஆம் நாள், லாஸ் ஏஞ்சல்ஸ் பந்தயம் நடந்து சரியாக நாற்பதாண்டு நிறைந்த அதே நாளில், பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் அமெரிக்க மங்கை சிட்னி மெக்லாஃப்லின் 50.37 நொடியில் ஓடிப் புதிய உலகச் சாதனை நிறுவினார். அவர் கோட்டைக் கடக்கும்போது, 55.42 நொடியில் ஓடுபவர் 36 மீட்டர் பின்னே வந்துகொண்டிருப்பார். இரு தடைகளுக்கு இடைப்பட்ட தொலைவினும் அது மிகுதி. உலகம் முன்னே சென்றது. நம் எண் நின்ற இடத்திலேயே நின்றது. பாரிஸ் ஒலிம்பிக்கில் இவ்வோட்டத்திற்கு வகுத்த தகுதி நேரம் 54.85 நொடி. அஃதாவது, 1984-இல் ஒலிம்பிக்கில் நான்காம் இடத்தைத் தந்த நேரம் 2024-இல் அந்தத் தகுதி எல்லையைத் தொடவும் போதவில்லை.

இதனால் வித்யாவின் அருஞ்செயல் சிறிதாகிவிடாது. முப்பத்தொன்பது ஆண்டுகளில் இந்திய மகளிருள் வேறொருவரும் எட்டாத இடத்தை எட்டியவர் அவர். அவ்வோட்டத்தை ஓடும் ஆற்றலுடைய பெண்கள் இவ்வளவு நெடுங்காலம் நம் நாட்டில் பிறக்கவேயில்லை என்று எவரும் கூறார். பிறந்தோருள் எத்தனை பேர் காலணி அணிந்து களத்தில் இறங்கினர், எத்தனை பேர் எட்டாம் வகுப்போடு நின்றனர், எத்தனை பேர்க்கு வயிறார உணவும் ஒரு பயிற்சியாளரும் வாய்த்தனர் என்பதே கேட்கத்தக்கது. காவிரிக்கரையில் ஒரு விடுதி இருந்தது. அதனால் ஒருவர் வந்தார். விடுதியில்லாத வட்டங்களில் எத்தனை வித்யாக்கள் ஆட்டுப்பட்டியின் வேலியைத் தாண்டியதோடு நின்றனரோ, கணக்கில்லை.

பாரிஸ் நகரத்திற்கு வித்யாவும் சென்றார். தனிப் பந்தயத்திற்கன்று; மகளிர் 4×400 மீட்டர் தொடரோட்டத்திற்கு. ஆகஸ்ட் 9-ஆம் நாள் இந்திய அணியின் முதல் கட்டத்தை அவர் ஓடினார். ஜோதிகா ஸ்ரீ தண்டி, பூவம்மா, சுபா வெங்கடேசன் ஆகியோர் தொடர்ந்தனர். 3 நிமிடம் 32.51 நொடியில் ஓடிய அவ்வணி முதற்சுற்றோடு வெளியேறியது. அடுத்த ஆண்டு, 2025 மே மாத இறுதியில், தென்கொரியாவின் குமி நகரில் ஆசியத் தடகளப் போட்டி நடந்தது. வித்யா அங்கே 400 மீட்டர் தடையோட்டத்தை 56.46 நொடியில் ஓடி வெண்கலப் பதக்கம் பெற்றார். அப்போது அவர்க்கு அகவை இருபத்தாறு.